கனெக்டிகட் பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்து அணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த அணி? எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள கனெக்டிகட் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழக அணி இது. சுருக்கமாக ‘யூகான்’ என்றும், பல்கலைக்கழகத்தின் சின்னமான பனிநாயின் பெயரால் ‘ஹஸ்கீஸ்’ என்றும் அழைக்கப்படுகிறது. பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஸ்டோர்ஸ் ஒரு சிற்றூர். 1881-இல் அங்கே தொடங்கப்பட்ட வேளாண்மைப் பள்ளிதான் பிற்காலத்தில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. வயல்களும் மாட்டுத் தொழுவங்களும் சூழ்ந்த அந்த ஊரிலிருந்து புறப்பட்ட அணி, 2025 ஏப்ரல் வரை 12 முறை தேசியப் பட்டத்தை வென்றிருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்தின் முதல் நிலைப் பிரிவில் வேறு எந்த அணிக்கும் அத்தனை பட்டங்கள் இல்லை.

தொடக்கத்திலிருந்தே இது வலுவான அணியாக இருந்ததா?

இல்லை. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ‘டைட்டில் நைன்’ சட்டப்பிரிவு 1972-இல் அமெரிக்காவில் நிறைவேறியது. அதன் பிறகே பல பல்கலைக்கழகங்கள் மகளிர் விளையாட்டுக்கு முறையான அணிகளையும் நிதியையும் ஒதுக்கத் தொடங்கின. கனெக்டிகட்டின் மகளிர் அணி 1974-75 பருவத்தில் உருவானது. அடுத்த பதினோரு ஆண்டுகளில், தோல்விகளைவிட வெற்றிகள் அதிகமாக அமைந்த பருவம் ஒன்றே ஒன்றுதான். இந்தக் காலத்தைப் பலரும் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் பார்வையாளரும் பணமும் இல்லாமல் அந்த ஆண்டுகளில் ஆடிய பெண்கள் அணியைக் கலைய விடாமல் காத்ததால்தான் 1985-இல் ஒரு பயிற்சியாளரை நியமிக்க அங்கே ஓர் அணி இருந்தது.

தேசிய அளவிலும் நிலைமை அப்போதுதான் மாறிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு மகளிருக்கான தேசியக் கூடைப்பந்துப் போட்டியை 1982-இல்தான் முதன்முறையாக நடத்தியது. முதல் பட்டம் லூசியானா டெக் அணிக்குச் சென்றது.

1985-இல் என்ன நடந்தது?

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஜீனோ ஆரியெம்மாவைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தார்கள். இத்தாலியின் மொன்டெல்லா என்ற மலையூரில் 1954-இல் பிறந்து, ஏழு வயதில் பெற்றோருடன் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். அவருடன் அதே ஆண்டில் கிறிஸ் டெய்லி உதவிப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். இந்த இருவரும் நாற்பது ஆண்டுகள் பிரியாமல் ஒரே அணியில் பணியாற்றியிருக்கிறார்கள் என்பதுதான், என் கருத்தில், இந்த அணியின் வரலாற்றிலேயே மிக முக்கியமான செய்தி. பட்டங்களின் எண்ணிக்கைகூட அதற்கு அடுத்துத்தான். டெய்லியின் பெயர் செய்திகளில் குறைவாகவே வரும். ஆனால் மாணவிகளைத் தேர்ந்தெடுப்பதிலும், அவர்களின் அன்றாட ஒழுங்கைக் காப்பதிலும், ஆரியெம்மா இல்லாத நாள்களில் அணியை நடத்துவதிலும் அவருடைய பங்கு மிகப் பெரியது. 2021 தேசியப் போட்டியின் தொடக்கச் சுற்றுகளின்போது ஆரியெம்மாவுக்குக் கொரோனா தொற்று ஏற்பட்டதால், டெய்லிதான் பொறுப்பேற்று அணியை அடுத்த கட்டத்துக்கு அழைத்துச் சென்றார்.

முதல் பருவம் 12 வெற்றி, 15 தோல்வி என்று முடிந்தது. அதன் பிறகு ஆரியெம்மாவின் கீழ் தோல்விகள் மிகுந்த பருவம் ஒன்றுகூட இல்லை. 1989-இல், அணி அப்போது இடம்பெற்றிருந்த பல்கலைக்கழகங்களின் குழுவான பிக் ஈஸ்ட் கூட்டமைப்பின் பட்டமும் தேசியப் போட்டிக்கான முதல் அழைப்பும் ஒன்றாகக் கிடைத்தன. 1990-இல் கேம்பல் பெவிலியன் என்ற புதிய அரங்கம் திறக்கப்பட்டது. 1991-இல் முதன்முறையாகத் தேசிய அரையிறுதிக்கு முன்னேறி, ஆரியெம்மாவின் பழைய அணியான வர்ஜீனியாவிடமே தோற்றார்கள்.

1995-ஆம் ஆண்டை ஏன் எல்லோரும் திருப்புமுனை என்கிறார்கள்?

அந்தப் பருவத்தில் ஆடிய 35 ஆட்டங்களிலும் கனெக்டிகட் வென்றது. முதல் தேசியப் பட்டமும் கிடைத்தது. ஆனால் திருப்புமுனை என்று சொல்லத் தக்க நாள் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1995 ஜனவரி 16, மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை நாளன்று, முதலிடத்தில் இருந்த டென்னசி பல்கலைக்கழக அணி ஸ்டோர்ஸுக்கு வந்தது. இரண்டாமிடத்தில் இருந்த கனெக்டிகட் 77-66 என வென்று, தன் வரலாற்றிலேயே முதன்முறையாகத் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. நாடு முழுதும் தொலைக்காட்சியில் பார்த்த அந்த ஆட்டம், மகளிர் கூடைப்பந்துக்கும் அரங்கம் நிறையும், ஆரவாரம் எழும் என்பதைக் காட்டியது.

ஏப்ரல் மாதம் மினியாபொலிஸ் நகரில் நடந்த இறுதிப் போட்டியிலும் அதே இரு அணிகள் மோதின. ரெபெக்கா லோபோ, ஜெனிஃபர் ரிசோட்டி, காரா வோல்டர்ஸ் ஆகிய மூன்று முக்கிய வீராங்கனைகளும் முதல் பாதியிலேயே ஆளுக்கு மூன்று ஃபவுல் வாங்கிவிட்டார்கள். ஐந்தாவது ஃபவுல் வந்தால் களத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்பதால் அவர்களைப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டியதாயிற்று. இடைவேளையில் 38-32 எனப் பின்தங்கியிருந்த கனெக்டிகட், லோபோவின் கோல்களாலும் ரிசோட்டியின் துணிச்சலான ஊடுருவலாலும் மீண்டு 70-64 என வென்றது. லோபோ அடுத்த ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இடம்பெற்றார். 1997-இல் தொடங்கிய தொழில்முறை மகளிர் போட்டியான டபிள்யூஎன்பிஏவின் தொடக்க கால முகங்களிலும் அவர் ஒருவர்.

டென்னசியுடனான போட்டி அவ்வளவு கடுமையாக இருந்ததா?

ஆம். அந்தப் போட்டி இல்லாமல் கனெக்டிகட்டின் வரலாற்றை எழுதவே முடியாது. டென்னசியின் பயிற்சியாளர் பேட் சம்மிட் 8 தேசியப் பட்டங்களும் 1,098 வெற்றிகளும் பெற்றவர். மகளிர் கூடைப்பந்தின் அளவுகோலாக இருந்தவர். 1995-இல் இரண்டு முறை தோற்ற அவர், 1996 தேசிய அரையிறுதியில் கூடுதல் நேரம் வரை நீண்ட ஆட்டத்தில் கனெக்டிகட்டை வீழ்த்தினார். 1997-இல் ஒரு தோல்விகூட இல்லாமல் வந்துகொண்டிருந்த கனெக்டிகட்டை அரையிறுதிக்கு முந்தைய சுற்றிலேயே வெளியேற்றினார். 1996 முதல் 1998 வரை தொடர்ந்து மூன்று பட்டங்கள் டென்னசிக்குச் சென்றன. கனெக்டிகட் பதிலடி கொடுக்க 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில், ஆரியெம்மா வளர்ந்த ஊருக்கு அருகிலேயே, இறுதிப் போட்டியில் 71-52 என டென்னசியை வென்றார்கள். 2003, 2004 இறுதிப் போட்டிகளிலும் அதே எதிரணி, அதே முடிவு. ஆக, இரு அணிகளும் நான்கு முறை இறுதிப் போட்டியில் சந்தித்தன. நான்கிலும் வென்றது கனெக்டிகட்.

இரண்டு பயிற்சியாளர்களுக்கும் இடையே கசப்பு வளர்ந்தது. 22 ஆட்டங்களில் கனெக்டிகட் 13, டென்னசி 9 என்ற கணக்கோடு, 2007-இல் சம்மிட் இந்தத் தொடரையே நிறுத்திவிட்டார். அது விளையாட்டுக்குப் பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன். ஆண்டுக்கு ஒரு முறையாவது நாட்டின் கவனத்தை மகளிர் கூடைப்பந்தின் பக்கம் திருப்பிய ஆட்டம் அது. 2011-இல் தமக்கு இளம் வயது மறதிநோய் இருப்பதைச் சம்மிட் வெளிப்படையாக அறிவித்தார். அந்த நோய்க்கான ஆராய்ச்சிக்காக அவர் தொடங்கிய அறக்கட்டளைக்கு முதலில் நன்கொடை அளித்தவர்களில் ஆரியெம்மாவும் ஒருவர். அவர் 10,000 டாலர் அனுப்பினார். சம்மிட் 2016 ஜூனில் காலமானார். 2020 ஜனவரியில் இரு அணிகளும் மறுபடியும் ஆடத் தொடங்கின. 2025 பிப்ரவரியில் நாக்ஸ்வில் நகரில் டென்னசி 80-76 என வென்றது. அது 2007-க்குப் பிறகு கனெக்டிகட்டுக்கு எதிராக அந்த அணி பெற்ற முதல் வெற்றி.

12 பட்டங்கள் எந்தெந்த ஆண்டுகளில் கிடைத்தன?

1995, 2000, 2002, 2003, 2004, 2009, 2010, 2013, 2014, 2015, 2016, 2025. இவற்றில் 1995, 2002, 2009, 2010, 2014, 2016 ஆகிய ஆறு பருவங்களில் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 2004-இல் அதே பல்கலைக்கழகத்தின் ஆடவர் அணியும் தேசியப் பட்டம் வென்றது. ஒரே ஆண்டில் இரண்டு பட்டங்களையும் பெற்ற முதல் முதல்நிலைப் பல்கலைக்கழகம் கனெக்டிகட்தான்.

தொடர் வெற்றிகளைப் பற்றிச் சொல்லுங்கள். 90, 111 என்ற எண்கள் உண்மையானவையா?

உண்மையானவைதான். அதற்கு முன்பே 2001 முதல் 2003 வரை 70 ஆட்டங்கள் நீண்ட ஒரு தொடர் இருந்தது. 2003 மார்ச்சில் பிக் ஈஸ்ட் இறுதி ஆட்டத்தில் வில்லனோவா 52-48 என வென்று அதை முறித்தது.

90 வெற்றிகளின் தொடர் 2008 நவம்பரில் தொடங்கியது. மாயா மூர், டீனா சார்லஸ், ரெனே மான்ட்கோமரி ஆகியோர் ஆடிய அணி 2009 பட்டத்தைச் சிரமமில்லாமல் வென்றது. 2010 இறுதிப் போட்டி மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக முதல் பாதியில் எறிந்த பந்து எதுவும் கூடையில் விழ மறுத்ததுபோல், கனெக்டிகட் வெறும் 12 புள்ளிகளே எடுத்து 20-12 எனப் பின்தங்கியது. இவ்வளவு ஆதிக்கம் செலுத்திய அணி அப்படித் திணறும்போது தற்காப்பை மட்டும் கைவிடாமல் பிடித்துக்கொண்டு, இரண்டாம் பாதியில் மூரின் கைகளில் ஆட்டத்தைத் திருப்பி 53-47 என வென்ற விதம், பெரிய வித்தியாசத்தில் பெற்ற எந்த வெற்றியையும்விட அந்த அணியின் தரத்தை நன்றாகக் காட்டுகிறது. 2010 டிசம்பர் 21 அன்று 89-ஆவது வெற்றியைப் பெற்றபோது, 1970-களில் லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழக ஆடவர் அணி நிகழ்த்திய 88 வெற்றிகள் என்ற சாதனை முறிந்தது. அன்று மூர் 41 புள்ளிகள் எடுத்தார். ஒன்பது நாள்கள் கழித்து ஸ்டான்ஃபோர்டின் சொந்த அரங்கில் 71-59 எனத் தோற்றதும் தொடர் முடிந்தது. 2008 தேசிய அரையிறுதியில், அதாவது தொடர் தொடங்குவதற்கு முந்தைய ஆட்டத்தில், கனெக்டிகட்டை வென்றதும் அதே ஸ்டான்ஃபோர்டுதான்.

111 வெற்றிகளின் தொடரும் ஸ்டான்ஃபோர்டிடம் பெற்ற தோல்விக்குப் பிறகே தொடங்கியது. 2014 நவம்பரில் கூடுதல் நேரத்தில் 88-86 எனத் தோற்ற அணி, அதன் பின் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தோற்கவே இல்லை. 2017 மார்ச் 31 அன்று டாலஸ் நகரில் தேசிய அரையிறுதி நடந்தது. எதிரணி மிசிசிப்பி ஸ்டேட். முந்தைய ஆண்டு இதே போட்டியில் கனெக்டிகட்டிடம் 98-38 என 60 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்ற அணி. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. கடைசி நொடியில் 5 அடி 5 அங்குல உயரமே உள்ள மோர்கன் வில்லியம் எறிந்த பந்து கூடைக்குள் விழ, 66-64 என முடிந்தது. அந்த 60 புள்ளித் தோல்வியை மிசிசிப்பி ஸ்டேட் ஓராண்டு முழுவதும் மறக்காமல் உழைத்திருந்தது. அந்த வெற்றிக்கு அவர்கள் முழுத் தகுதி பெற்றவர்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு தொடரும் உண்டு. 1993 மார்ச்சுக்குப் பிறகு 2023 பிப்ரவரி வரை, 1,083 ஆட்டங்களில், இந்த அணி அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் தோற்றதே இல்லை. ஒரு தோல்வி நேர்ந்தால் மறு ஆட்டத்தில் நிச்சயம் மீண்டார்கள். முப்பது ஆண்டுகளில் எத்தனையோ மாணவிகள் வந்து போன பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. 111 என்ற எண்ணைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த அளவு வெற்றிக்குக் காரணம் நல்ல வீராங்கனைகள் மட்டுமா?

நல்ல வீராங்கனைகள் வருவது உண்மை. ஆனால் நல்ல வீராங்கனைகளைச் சேர்த்தும் பட்டம் பெறாத பல்கலைக்கழகங்கள் பல. கனெக்டிகட்டின் பயிற்சி முறையில் சில கூறுகள் கவனிக்கத் தக்கவை. பயிற்சியின்போது மகளிர் அணிக்கு எதிராக, பல்கலைக்கழகத்தின் ஆடவர் அணியில் இல்லாத சாதாரண மாணவர்கள் ஆடுகிறார்கள். உயரத்திலும் வேகத்திலும் மேம்பட்ட எதிராளிகளை நாள்தோறும் சந்திப்பதால், உண்மையான ஆட்டம் பயிற்சியைவிட எளிதாகத் தோன்றும். சில வேளைகளில் ஐந்து பேருக்கு எதிராக ஆறு அல்லது ஏழு பேரை நிறுத்தியும் பழக்குவார்கள். தாக்குதலில் ஒருவரே பந்தை வைத்துக்கொண்டிராமல், ஓட்டமும் பாஸும் கூடிய ஒழுங்கைப் பின்பற்றுகிறார்கள். நட்சத்திர வீராங்கனையும் தற்காப்பில் சோம்பினால் பெஞ்சுக்குப் போக வேண்டும்.

மாநிலத்தின் ஆதரவும் ஒரு காரணம். கனெக்டிகட்டில் இருந்த ஒரே பெரிய தொழில்முறை அணியான ஹார்ட்ஃபோர்ட் வேலர்ஸ் என்ற பனி ஹாக்கி அணி 1997-இல் வெளியேறிவிட்டது. மாநிலத்தின் பொதுத் தொலைக்காட்சி 1994 முதல் 2012 வரை மகளிர் அணியின் ஆட்டங்களைத் தொடர்ந்து ஒளிபரப்பியது. மகளிர் விளையாட்டைத் தொலைக்காட்சியில் காண்பதே அரிதாக இருந்த காலத்தில், அந்த மாநிலத்தின் வீடுகளில் முதியவர்களும் சிறுமிகளும் வீராங்கனைகளின் பெயர்களை அறிந்திருந்தார்கள்.

1998-இல் நைகீஷா சேல்ஸ் எடுத்த இரண்டு புள்ளிகள் ஏன் சர்ச்சைக்குள்ளாயின?

சேல்ஸ் அந்த அணிக்காக அதிகப் புள்ளிகள் எடுத்தவர் என்ற சாதனையைச் சமன் செய்ய ஒரு புள்ளியும், முறியடிக்க இரண்டு புள்ளிகளும் தேவை என்ற நிலையில், குதிகால் தசைநாண் கிழிந்து பருவத்தை இழந்தார். அடுத்த ஆட்டம் வில்லனோவாவுடன். ஆரியெம்மா எதிரணிப் பயிற்சியாளரிடமும் கூட்டமைப்பின் ஆணையரிடமும் முன்கூட்டியே பேசி ஒப்புதல் பெற்றார். ஆட்டம் தொடங்கியதும் காலில் கட்டுடன் கூடையருகே நின்ற சேல்ஸிடம் பந்து தரப்பட்டது. யாரும் தடுக்காமல் அவர் அதைக் கூடையில் போட்டார். பிறகு வில்லனோவாவும் அதுபோல் தடுக்கப்படாமல் இரண்டு புள்ளிகள் எடுக்க, 2-2 என்ற நிலையில் உண்மையான ஆட்டம் தொடங்கியது. சாதனைக்குரியவராக இருந்த கெர்ரி பாஸ்கமும் இதற்கு உடன்பட்டிருந்தார்.

விளையாட்டின் நேர்மைக்கு இது இழுக்கு என்று நாடெங்கும் பலர் கண்டித்தார்கள். நான்கு ஆண்டுகள் உழைத்த ஒரு மாணவிக்குச் செய்த மரியாதை என்று மற்றவர்கள் வாதிட்டார்கள். வெற்றி தோல்வி பாதிக்கப்படவில்லை, மறைத்துச் செய்யப்படவும் இல்லை என்பதால் அதைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆயினும் புள்ளி என்பது எதிர்ப்பை மீறி எடுக்கப்படுவது என்ற வாதத்தின் வலிமையையும் மறுக்க முடியாது. பிற்காலத்தில் மாயா மூர் 3,036 புள்ளிகள் எடுத்து அந்தச் சாதனையைப் பல படி உயர்த்திவிட்டார்.

ஒரே அணி இவ்வளவு வெல்வது மகளிர் கூடைப்பந்துக்குக் கேடு என்ற விமர்சனம் சரியா?

2016-இல் இந்த விமர்சனம் உச்சத்தில் இருந்தது. பிரியானா ஸ்டூவர்ட், மொரையா ஜெஃபர்சன், மோர்கன் டக் ஆகிய மூவரும் தாங்கள் படித்த நான்கு ஆண்டுகளிலும் பட்டம் வென்றார்கள். மொத்தம் 151 வெற்றி, 5 தோல்வி. அந்த ஆண்டு டபிள்யூஎன்பிஏ அணிகள் புதிய வீராங்கனைகளை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் முதல் மூன்று இடங்களும் இவர்களுக்கே கிடைத்தன. நான்கு தேசியப் போட்டிகளிலும் மிகச் சிறந்த வீராங்கனை விருதைப் பெற்றவர் ஸ்டூவர்ட். பார்க்கச் சலிப்பாக இருக்கிறது என்று எழுதியவர்களுக்கு, பிடிக்காதவர்கள் பார்க்க வேண்டியதில்லை என்று ஆரியெம்மா பதிலளித்தார்.

விமர்சனம் தவறு என்பதைக் காலமே காட்டிவிட்டது. அடுத்த எட்டு ஆண்டுகளில் தென் கரோலினா, நாட்டர்டேம், பேய்லர், ஸ்டான்ஃபோர்டு, எல்எஸ்யூ எனப் பல அணிகள் பட்டம் வென்றன. கனெக்டிகட்டை எட்டிப் பிடிக்க மற்ற பல்கலைக்கழகங்கள் பயிற்சியாளர் ஊதியத்தையும் அரங்கங்களையும் உயர்த்தியதால்தான் ஆட்டத்தின் தரம் எங்கும் உயர்ந்தது.

2016-க்குப் பிறகு எட்டு ஆண்டுகள் பட்டம் ஏன் கிடைக்கவில்லை?

அருகில் சென்று தவறியதுதான் பெரும்பாலும் நடந்தது. 2017-இல் வில்லியமின் கடைசி நொடிப் பந்து. 2018-இல் நாட்டர்டேமின் அரிகே ஒகுன்போவாலே கூடுதல் நேர முடிவில் எறிந்த பந்து, 91-89. 2019, 2021 அரையிறுதிகளிலும் தோல்வி. 2020-இல் போட்டியே நடக்கவில்லை. 2022-இல் இறுதிப் போட்டிக்குச் சென்று தென் கரோலினாவிடம் 64-49 எனத் தோற்றார்கள். அதற்கு முன் ஆடிய 11 இறுதிப் போட்டிகளிலும் வென்றிருந்த அணிக்கு அது முதல் இறுதிப் போட்டித் தோல்வி. 2008 முதல் இடைவிடாமல் நீடித்த 14 அரையிறுதி வாய்ப்புகளின் தொடர் 2023-இல் ஒஹாயோ ஸ்டேட்டிடம் முடிந்தது.

இவற்றுக்கு நடுவே காயங்கள் அணியை உருக்குலைத்தன. பெய்ஜ் பெக்கர்ஸ் முதலாண்டிலேயே நாட்டின் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். முழங்கால் தசைநார் கிழிந்ததால் 2022-23 பருவம் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. ஆசி ஃபட் 2023 நவம்பரில் அதே வகைக் காயத்துக்கு உள்ளானார். பெண் விளையாட்டு வீரர்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட அதிகமாக நேர்கிறது. ஆனாலும் விளையாட்டு மருத்துவ ஆராய்ச்சியில் பெண்களின் உடல் நெடுங்காலம் போதிய கவனம் பெறவில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது.

2025-இல் இருவரும் நலமாக இருந்தார்கள். முதலாண்டு மாணவி சாரா ஸ்ட்ராங் உடன் சேர்ந்தார். அரையிறுதியில் யூசிஎல்ஏவை 85-51 எனவும், ஏப்ரல் 6 அன்று டாம்பா நகரில் நடந்த இறுதிப் போட்டியில் நடப்பு வாகையரான தென் கரோலினாவை 82-59 எனவும் வென்றார்கள். ஃபட், ஸ்ட்ராங் இருவரும் ஆளுக்கு 24 புள்ளிகள் எடுத்தார்கள். ஸ்ட்ராங் 15 ரீபவுண்டுகளும், அதாவது கூடையில் விழாமல் திரும்பிய பந்துகளும், பிடித்தார். அப்போது ஆரியெம்மாவுக்கு வயது 71. அதே பருவத்தில், 2024 நவம்பரில், 1,217-ஆவது வெற்றியைப் பெற்று, அதிக வெற்றிகள் பெற்ற பயிற்சியாளர் என்ற சாதனையில் ஸ்டான்ஃபோர்டின் பயிற்சியாளராக இருந்த டாரா வேன்டர்வீரை முந்தியிருந்தார்.

இந்த அணியிலிருந்து சென்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

2025 வரை டபிள்யூஎன்பிஏ தேர்வில் முதலிடம் பெற்ற கனெக்டிகட் வீராங்கனைகள் ஆறு பேர்: சூ பர்ட், டயானா டொராசி, டீனா சார்லஸ், மாயா மூர், ஸ்டூவர்ட், பெக்கர்ஸ். டொராசி ஆறு ஒலிம்பிக் தங்கங்களும் பர்ட் ஐந்தும் வென்றார்கள். மூர் தம் ஆட்டத் திறனின் உச்சத்தில், 2019-இல், களத்தைவிட்டு விலகி, செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருந்த ஜோனதன் ஐரன்ஸ் என்பவரின் விடுதலைக்காகப் பாடுபட்டார். 2020-இல் ஐரன்ஸ் விடுதலையானார்.

முதன்முறையாகப் பார்க்க விரும்புபவர்கள் எந்த ஆட்டத்திலிருந்து தொடங்கலாம்?

1995 இறுதிப் போட்டியை முதலில் பாருங்கள். அதன் பின் 2010 இறுதிப் போட்டியின் இரண்டாம் பாதி. மூன்றாவதாக, 2017-இல் மிசிசிப்பி ஸ்டேட்டிடம் தோற்ற ஆட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். பழைய ஆட்டங்கள் இருபது நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாகவும், 2015-16 பருவத்திலிருந்து பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாகவும் நடந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், திரையில் ஓடும் கடிகாரம் குழப்பாது.